மருந்து வந்தால் போதுமா? பழகிய கை வேண்டாமா?

திண்டுக்கல்லிலிருந்து மதுரைக்குப் போகும் பாதையில், சின்னாளப்பட்டியை ஒட்டி, அம்பாத்துரை என்றொரு ஊர் இருக்கிறது. ஒரு பக்கம் சிறுமலை. மறு பக்கம் தறி ஓசை. ரயிலில் போகிறவர்கள் ஜன்னல் வழியே பார்த்துவிட்டு மறந்துவிடும் இடம். ஆனால், தோழர்களே, அது மறக்கத்தக்க இடமல்ல! கர்ப்பத்தடை என்னும் கல்வியைப் பட்டிதொட்டிக்குக் கொண்டுசெல்லும் நர்சுகளும் சுகாதார ஊழியர்களும் பாடம் படித்த இடம் அது. அதன் கதையை இன்று நாம் எடுத்துப் பேசுவதற்குக் காரணம் உண்டு.

"பிறப்பு குறைந்துவிட்டது, வந்த வேலை முடிந்துவிட்டது, இனி எதற்குப் பயிற்சி? எதற்குச் செலவு?" என்று பேசுவோர் கிளம்பியிருக்கிறார்கள். நாம் கேட்கிறோம்: யாருடைய வேலை முடிந்தது? கணக்கு எழுதுவோர் வேலை முடிந்திருக்கலாம். நம் வீட்டுத் தாய்மாரின் வேலை முடிந்ததா?

கதைக்கு வருவோம்.

1947இல் டாக்டர் சௌந்தரம் அம்மையாரும் ஜி. இராமச்சந்திரன் அவர்களும் காந்திகிராமத்தைத் தொடங்கினார்கள். அம்மையார் யார்? டி.வி. சுந்தரம் அய்யங்கார் என்னும் பெருஞ்செல்வரின் மகள். இளம் வயதிலே விதவையானவர். மூலையில் உட்காரவைக்கும் வழக்கம் அவரையும் உட்காரவைத்திருக்கும். அவரோ டில்லிக்குச் சென்று டாக்டருக்குப் படித்தார்; 1940இல் மறுமணம் செய்துகொண்டார்; பிள்ளைப்பேற்றிலே செத்துமடியும் ஏழைப் பெண்களுக்காகக் கிராமத்திலே வந்து அமர்ந்தார். 1962இல் திண்டுக்கல் தொகுதியிலிருந்து மக்களவைக்குச் சென்று, மத்திய துணைக் கல்வி அமைச்சராகவும் இருந்தார்.

அங்கே 1959இல் ஒரு சுகாதாரச் சோதனைத் திட்டம் தொடங்கியது. ஆத்தூர் வட்டாரத்துக் கிராமங்களே களம். டில்லி சர்க்காரும் சென்னை சர்க்காரும் துணை நின்றன. அமெரிக்காவின் ஃபோர்டு அறக்கட்டளையும் பணம் தந்தது. 1964இல் அது கிராம சுகாதாரத்துக்கும் குடும்பக் கட்டுப்பாட்டுக்குமான பயிற்சி நிலையமாக வளர்ந்தது. வீடு வீடாகச் சென்று பேசினார்கள். ஊர்ப் பெரியவர்களையும், ஊர்ப் பெண்களையும் துணைக்கு அழைத்தார்கள். பத்தாண்டுக்குள் ஆத்தூர் வட்டாரத்தில் பிறப்பு வீதம் கணிசமாகக் குறைந்தது. வெளிநாட்டு அறிஞர்களும் அந்த ஊர்களின் பெயரை ஏட்டில் எழுதினர்.

இதிலே ஒரு விந்தையும் உண்டு. 1935 டிசம்பரில் வார்தாவுக்கு வந்த மார்கரெட் சாங்கர் அம்மையாரிடம், செயற்கைக் கர்ப்பத்தடையை ஏற்கமாட்டேன், புலனடக்கமே வழி என்று வாதாடியவர் காந்தியார். அவர் பெயரைத் தாங்கிய கிராமத்திலேயே அந்தக் கல்வி தழைத்தது! ஏன்? பிரசவ அறையின் வாசலிலே நின்றவர்களுக்கு, வாதத்தைவிடத் தாயின் உயிர் பெரிதாகப்பட்டது. நாம் அதைக் குறையாகச் சொல்லவில்லை, பெருமையாகவே சொல்கிறோம்.

சரி, பயிற்சிக்கு ஏன் இவ்வளவு முக்கியத்துவம்? மருந்தும் கருவியும் வந்தால் போதாதா? போதாது என்பதற்கு வரலாறே சாட்சி.

1965இல் 'லூப்' என்னும் வளையத்தை நாடெங்கும் கொண்டுவந்தார்கள். மலிவானது, பயனுள்ளது, வேண்டாமென்றால் எடுத்துவிடலாம். நல்ல கருவிதான். வைப்பதற்குப் பழகிய பெண் டாக்டர்கள் போதவில்லை. வைத்தபின் உதிரப்போக்கு அதிகமாகலாம் என்று முன்கூட்டிச் சொல்ல ஆளில்லை. சொன்னாலும், வலி என்று திரும்பி வந்தவளைப் பார்க்க ஆளில்லை. விளைவு? "வளையம் நெஞ்சுக்கு ஏறிவிடும்" என்பதுபோன்ற வதந்திகள் பரவின. இரண்டு மூன்று ஆண்டுகளுக்குள் பெண்கள் அதைக் கண்டாலே ஓடினார்கள். கருவி தோற்கவில்லை, தோழர்களே! கருவியைக் கையில் கொடுத்துவிட்டு, கைக்குப் பாடம் கொடுக்காத ஆட்சிமுறை தோற்றது.

அடுத்து வந்தது நெருக்கடி நிலை. 1976-77 ஓராண்டில் இந்தியாவில் 80 லட்சத்துக்கும் மேற்பட்ட கருத்தடை ஆபரேஷன்கள் நடந்தன; பெரும்பாலோர் ஆண்கள். வடநாட்டிலே போலீசைக் கொண்டும், ரேஷனைக் காட்டியும், சம்பளத்தை நிறுத்தியும் ஏழையைப் பிடித்து இழுத்தார்கள். அந்தக் கொடுமை ஆட்சியையே கவிழ்த்தது. அதன் பிறகு என்ன நடந்தது? ஆணைத் தொட அஞ்சினார்கள். பாரம் முழுவதையும் பெண்ணின் வயிற்றின்மேல் இறக்கிவைத்தார்கள்!

2014 நவம்பரில் சத்தீஸ்கர் மாநிலம் பிலாஸ்பூர் அருகே, பயன்படாமல் கிடந்த ஓர் ஆஸ்பத்திரிக் கட்டடத்தில், ஒரே டாக்டர் சில மணி நேரத்தில் 83 பெண்களுக்கு ஆபரேஷன் செய்தார். ஒரு நாளைக்கு 30க்கு மேல் கூடாது என்பது விதி. 13 பெண்கள் மாண்டார்கள். அந்தக் கை பழகாத கை அல்ல. ஆனால் எண்ணிக்கை துரத்தும்போது பழகிய கையும் முறை தவறும். பயிற்சி என்பது கத்தி பிடிக்கக் கற்பது மட்டுமன்று. "இன்று இதற்குமேல் செய்யமாட்டேன்" என்று மேலதிகாரியிடம் சொல்லக் கற்பதும் பயிற்சிதான். 2016 செப்டம்பரில் உச்ச நீதிமன்றமே, இத்தகைய முகாம்களை மூன்றாண்டுக்குள் கைவிடச் சொல்லித் தீர்ப்பளித்தது.

இனி நம் வீட்டுக் கணக்கைப் பார்ப்போம்.

2019-21இல் எடுத்த தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் மணமான, 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 100க்கு ஏறக்குறைய 58 பேர் கருத்தடை ஆபரேஷன் செய்துகொண்டவர்கள். கணவன் ஆபரேஷன் செய்துகொண்ட வீடுகள் எத்தனை? ஆயிரத்துக்கு ஒன்று! காப்பர்‑டி போன்ற வளையம் வைத்திருப்போர் 100க்கு 5 பேர்கூட இல்லை. ஒரு பெண் சராசரியாகப் பெறும் குழந்தை 1.8.

இதைத்தான் "வேலை முடிந்தது" என்கிறார்கள். நாம் வேறுவிதமாகப் படிக்கிறோம். ஒரு கடையிலே ஒரே ஒரு சரக்கை வைத்துக்கொண்டு, "பாருங்கள், எல்லோரும் இதையே வாங்குகிறார்கள்" என்று சொல்வதற்குப் பெயர் விருப்பமா?

சின்னாளப்பட்டித் தறிக்காரர் வீடு ஒன்றை எண்ணிப் பாருங்கள். முதல் குழந்தைக்கு ஒன்றரை வயது. அடுத்த குழந்தைக்கு மூன்று வருடம் போகட்டும் என்று தாய் நினைக்கிறாள். வேடசந்தூர்ப் பக்கம் மில்லுக்குப் போகும் பெண்ணை எண்ணுங்கள். நிலக்கோட்டையில் விடியுமுன் பூப்பறிக்கும் பெண்ணை எண்ணுங்கள். இவர்களுக்கு வேண்டியது நிரந்தர ஆபரேஷனா? இடைவெளி! அதற்கு வழி இல்லையா? உண்டு.

காப்பர்‑டி 380ஏ பத்தாண்டு வரை காக்கும். பிரசவமான 48 மணி நேரத்துக்குள்ளும் வைக்கலாம். 'அந்தரா' ஊசி மூன்று மாதத்துக்கு ஒன்று. 'சாயா' மாத்திரை, லக்னோ மத்திய மருந்து ஆராய்ச்சி நிலையம் கண்டுபிடித்த மருந்து. முதல் மூன்று மாதம் வாரத்துக்கு இரண்டு, பிறகு வாரத்துக்கு ஒன்று. இந்த ஊசியும் மாத்திரையும் 2016, 2017 ஆண்டுகளிலிருந்து சர்க்கார் திட்டத்திலே சேர்ந்தவை. காசு இல்லாமல் கிடைப்பவை.

ஆனால் இவற்றைக் கையாள யார் வேண்டும்? காப்பர்‑டி வைக்க நர்சுக்கும் உரிமை உண்டு, பயிற்சி பெற்றிருக்கவேண்டும். முதலில் பொம்மை மாதிரியிலே கை பழகவேண்டும். பிறகு ஆசிரியர் பக்கத்தில் நிற்க, நோயாளியிடம் பழகவேண்டும். கர்ப்பப்பையின் ஆழம் அளக்கவேண்டும். உள்ளே செல்லும் முனை வேறெங்கும் படாமல் செலுத்தவேண்டும். பிரசவத்துக்குப் பின் வைப்பது வேறு முறை. அதற்கு வேறு பாடம். ஊசி எளிது என்பீர்கள். குத்துவது எளிதுதான்! ரத்த அழுத்தம் பார்க்கவேண்டும். பிள்ளை பெற்று ஆறு வாரம் ஆயிற்றா என்று கேட்கவேண்டும். மாதவிலக்கு முறை மாறும், நின்றும் போகலாம் என்று சொல்லவேண்டும். சொல்லாமல் விட்டால், "கெட்ட ரத்தம் உள்ளே தங்கிவிட்டது" என்று மாமியாரும் அண்டை வீட்டாரும் சொல்வார்கள்; அடுத்த ஊசிக்கு அவள் வரமாட்டாள். 1965இன் கதை மறுபடியும் நடக்கும்.

ஆகவேதான் பயிற்சிக்குப் பணம் கேட்கிறோம். ஒருமுறை கொடுத்து ஓய்கிற பணமல்ல. பழகிய நர்ஸ் மாற்றலாகிப் போவார், ஓய்வு பெறுவார், அவரோடு அந்தக் கையும் போகும். புதிய முறை வரும். பழைய கைக்கும் புதிய பாடம் வேண்டும். கொடைக்கானல் மலைச்சரிவிலுள்ள துணை சுகாதார நிலையத்து நர்ஸ் ஒரு வாரம் பயிற்சிக்குப் போனால், அந்த ஒரு வாரம் அங்கே யார் இருப்பது? பஸ் கட்டணம் யார் தருவது? தங்கும் செலவு யார் தருவது? கூலி வேலை செய்கிற நமக்குத் தெரியும்: சம்பளம் பிடிக்கும் படிப்பை யாரும் படிக்கமுடியாது. பயிற்சிப்படி, பயணப்படி, மாற்று ஆள் ஆகிய மூன்றும் இல்லாத பயிற்சித் திட்டம், காகிதத்திலே கட்டிய பாலம்!

இப்போது இன்னொரு குரலும் கேட்கிறது. மக்கள்தொகை குறைந்தால் மக்களவையில் நம் இடம் குறையுமே என்ற அச்சத்தில், 2024, 2025 ஆண்டுகளில் ஆந்திரத்திலும் தமிழ்நாட்டிலும் முதலமைச்சர் பொறுப்பில் இருந்தவர்களே பிள்ளை பெறுவதைப் பற்றி மேடையில் பேசினார்கள். தொகுதிக் கணக்கிலே தென்னாட்டுக்கு அநீதி நேரக்கூடாது. அதற்காகப் போராடுவது நியாயம். ஆனால் அந்தப் போரைச் சட்டத்திலே நடத்துங்கள், சபையிலே நடத்துங்கள். தாயின் வயிற்றிலே நடத்தாதீர்கள்! நேற்று "பெறாதே" என்று விரட்டியதும் தவறு. இன்று "பெற்றுக்கொள்" என்று தூண்டுவதும் தவறு.

பெரியார் 1930இலேயே 'குடி அரசு' ஏட்டில் இந்த வேறுபாட்டை உடைத்துச் சொன்னார். மற்றவர்கள் நாட்டின் பொருளாதாரத்துக்காகவும் தாயின் உடல்நலத்துக்காகவும் கர்ப்பத்தடை வேண்டும் என்றார்கள். அவரோ, பெண்ணின் விடுதலைக்காக வேண்டும் என்றார். அந்த அளவுகோலை எடுத்து வையுங்கள். நாட்டுக் கணக்குக்காக என்றால், எண் குறைந்ததும் வேலை முடியும். பெண்ணின் உரிமைக்காக என்றால், ஒவ்வொரு ஆண்டும் மணமேடை ஏறும் ஒவ்வொரு பெண்ணுக்கும் வேலை புதிதாகத் தொடங்குகிறது.

கடைசியாக, நம்மவர்களுக்கு, ஆண்களுக்கு, ஒரு சொல்.

திண்டுக்கல் டீக்கடைகளில் கேட்கிற பேச்சுத்தான். "ஆம்பளைக்கு ஆபரேஷன் பண்ணினா அப்புறம் மூட்டை தூக்க முடியாதுண்ணே." தோல் ஷாப்பில் நிற்கிற தோழரும், ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டில் மூட்டை சுமக்கிற தோழரும் இதை நம்புகிறார்கள். உடம்பை முதலாக வைத்துப் பிழைப்பவனுக்கு அந்தப் பயம் இயற்கை. அதை நாம் கேலி செய்யமாட்டோம். ஆனால் உண்மை என்ன? கத்தியில்லா முறையில் சிறு துளை மட்டுமே, தையல் கிடையாது, அன்றே வீட்டுக்கு வரலாம். இரண்டு நாள் ஓய்வு. ஒரு வாரம் கழித்துப் பழைய வேலை. ஆண்மைக்கும் பலத்துக்கும் குறைவில்லை. விந்தணு வரும் குழாய் மட்டுமே அடைபடுகிறது. மூன்று மாதம் ஆணுறை போட்டு, பிறகு பரிசோதித்து உறுதி செய்யவேண்டும், அவ்வளவே. பெண்ணுக்கோ வயிற்றைத் திறக்கவேண்டும். ஆபத்தும் அதிகம், ஓய்வும் அதிகம். அவளும் தறியில் உட்காருகிறாள், செங்கல் சுமக்கிறாள். அவள் தூக்குவது பாரமில்லையா?

1971 ஜூலையில் எர்ணாகுளத்தில் ஒரே மாத முகாமில் 60 ஆயிரத்துக்கு மேற்பட்ட ஆண்கள் முன்வந்தார்கள். முகாம் முறையை நாம் இன்று வேண்டோம். ஆனால் "ஆண்கள் வரமாட்டார்கள்" என்பது பொய் என்று அந்த எண் சொல்கிறது. பக்கத்திலே பழகிய டாக்டர் இருந்தால், நம்பும்படி பேச ஒருவர் இருந்தால், வருவார்கள்.

ஆகவே, கிளைத் தோழர்களே, கொடி கட்டுவதோடு இதையும் செய்யுங்கள். உங்கள் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போங்கள். மரியாதையோடு மூன்று கேள்வி கேளுங்கள். காப்பர்‑டி வைக்கப் பயிற்சி பெற்ற நர்ஸ் இங்கே இருக்கிறாரா? கத்தியில்லா ஆபரேஷனுக்குப் பயிற்சி பெற்ற டாக்டர் எத்தனை மைலில் இருக்கிறார்? கடைசியாக எந்த ஆண்டு இங்கிருந்து ஒருவர் பயிற்சிக்குப் போனார்? பதிலை எழுதி வாங்குங்கள். இல்லை என்றால், நர்ஸ் அம்மாவிடம் சண்டைக்கு நிற்காதீர்கள், அவரும் உழைப்பாளிதான். பணம் ஒதுக்கவேண்டியவர்களிடம் கேளுங்கள். கிராம சபையிலே தீர்மானம் போடுங்கள். சட்டமன்ற உறுப்பினரிடமும் மக்களவை உறுப்பினரிடமும் நேரிலே கொடுங்கள்.

அப்படியே வீட்டுக்குப் போய், மனைவியிடம் நான்காவது கேள்வி ஒன்றைக் கேளுங்கள்: "உனக்கு என்ன வேண்டும்?"

இத்தனை ஆண்டுகளாக அதைத்தான் யாரும் கேட்கவில்லை.