ஈக்களை எண்ணி வரைந்த வரைபடம்

மரபணுவை யாரும் கண்ணால் பார்த்திராத காலம். அது எந்தப் பொருளால் ஆனது என்பதுகூடத் தெரியாது. அப்போதே, குரோமோசோமில் எந்த மரபணுவுக்கு அடுத்து எது இருக்கிறது, எவ்வளவு தள்ளி இருக்கிறது என்று கணக்குப் போட்டுச் சொல்லிவிட்டார் ஒரு கல்லூரி மாணவர். அவர் பெயர் ஆல்பிரட் ஸ்டர்ட்டெவன்ட். இடம், நியூயார்க் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் தாமஸ் ஹண்ட் மார்கனின் ஆய்வகம். பால் பாட்டில்களில் வாழைப்பழத்தைப் போட்டு, பழ ஈக்களை ஆயிரக்கணக்கில் வளர்த்துக்கொண்டிருந்த சின்ன அறை அது. ஈக்களைக் கண் நிறம், சிறகு, உடல் நிறம் பார்த்துப் பிரிப்பதுதான் அங்கே அன்றாட வேலை. ஸ்டர்ட்டெவன்ட்டுக்கோ சிவப்பு, பச்சை நிறங்களைப் பிரித்தறிவதில் பிறவிக் குறை!

அவர் செய்தது விளங்க வேண்டுமானால், விந்தும் முட்டையும் உருவாகும்போது நடப்பதைப் பார்க்க வேண்டும். நம் செல்களில் குரோமோசோம்கள் ஜோடி ஜோடியாக இருக்கின்றன. ஒன்று அப்பா கொடுத்தது, இன்னொன்று அம்மா கொடுத்தது. விந்தும் முட்டையும் தரும் செல் பிரிதலான குன்றல் பிரிவின்போது இந்த ஜோடி நெருங்கி ஒட்டிக்கொள்கிறது. ஒரே நீளமுள்ள ஒரு மல்லிகைச் சரத்தையும் ஒரு கனகாம்பரச் சரத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, ஒரே இடத்தில் கத்தரித்து, துண்டுகளை மாற்றி முடிந்தால் எப்படி இருக்கும்? மேல்பாதி மல்லிகை, கீழ்ப்பாதி கனகாம்பரம் என ஒரு சரம். அதற்கு நேர்மாறாக இன்னொரு சரம். குரோமோசோம்களும் இப்படித் துண்டு மாற்றிக்கொள்கின்றன. பாடப்புத்தகங்கள் இதைக் குறுக்கேற்றம் என்கின்றன. பெல்ஜியத்தைச் சேர்ந்த ஜான்சென்ஸ், நுண்ணோக்கியில் குரோமோசோம்கள் பெருக்கல் குறிபோலப் பின்னிக்கிடப்பதைப் பார்த்து, இங்கேதான் துண்டுகள் மாறுகின்றன என்று 1909இல் எழுதினார்.

சரத்தில் அடுத்தடுத்து இருக்கும் இரண்டு பூக்களுக்கு இடையே கத்தரி விழுவது அரிது. இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் இடையே விழுவது சுலபம். வரைபடக் கலை முழுவதும் இந்த ஒரு வரியில் அடங்கிவிடுகிறது. நெருக்கமான மரபணுக்கள் சேர்ந்தே பிள்ளைகளுக்குப் போகும். தள்ளியிருப்பவை அடிக்கடி பிரியும். மார்கன் 1911இல் இந்த இடம்வரை வந்துவிட்டார். அவரோடு பேசிக்கொண்டிருந்தபோது ஸ்டர்ட்டெவன்ட்டுக்கு அடுத்த படி தோன்றியது: எத்தனை விழுக்காடு பிரிகிறதோ, அதையே தூரமாக வைத்துக்கொண்டால் என்ன? ஆய்வகக் கணக்குகளை வீட்டுக்கு எடுத்துப்போனார். கல்லூரிப் பாடத்தை ஒதுக்கிவிட்டு இரவின் பெரும்பகுதி உட்கார்ந்தார். உலகின் முதல் மரபணு வரைபடம் அந்த இரவில் பிறந்தது. கட்டுரையாக அது வெளிவந்தது 1913இல்.

அவர் எடுத்துக்கொண்டவை எல்லாம் எக்ஸ் குரோமோசோமில் இருக்கும் மரபணுக்கள். அதில் ஒரு வசதி உண்டு. ஆண் ஈக்கு எக்ஸ் ஒன்றுதான், அதுவும் தாயிடமிருந்து வந்தது. ஆகவே மகனைப் பார்த்தாலே தாயின் குரோமோசோம் என்ன ஆனது என்று தெரிந்துவிடும். ஒரு தாய் ஈயின் ஒரு எக்ஸில் வெள்ளைக் கண்ணும் குட்டைச் சிறகும், மற்றதில் வழக்கமான சிவப்புக் கண்ணும் நீளச் சிறகும் இருக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். குறுக்கேற்றம் இல்லையென்றால் மகன்கள் இந்த இரண்டு வகையாகத்தான் இருப்பார்கள். வெள்ளைக் கண்ணோடு நீளச் சிறகோ, சிவப்புக் கண்ணோடு குட்டைச் சிறகோ வந்தால், நடுவே வெட்டு விழுந்திருக்கிறது. இந்த இரண்டு மரபணுக்களுக்கு ஸ்டர்ட்டெவன்ட்டிடம் இருந்த கணக்கு: 6,116 ஈக்களில் 2,062 இப்படி மாறியவை. அதாவது 33.7 விழுக்காடு.

இனி ஒரு புதிர். வெர்மிலியன் என்ற பளீர்ச் சிவப்புக் கண் மரபணு, வெள்ளைக் கண் மரபணுவிலிருந்து 29.7 தள்ளி இருக்கிறது. குட்டைச் சிறகிலிருந்து 3.0 தள்ளி. அப்படியானால் குட்டைச் சிறகு எங்கே? வெர்மிலியனுக்கு இப்பக்கம் என்றால், வெள்ளைக் கண்ணிலிருந்து அதன் தூரம் 26.7 ஆக இருக்க வேண்டும். அப்பக்கம் என்றால் 32.7. எண்ணிப் பார்த்துக் கிடைத்தது 33.7. ஆக, வெர்மிலியனைத் தாண்டித்தான் இருக்கிறது. மூன்று எண்களில் வரிசை தெரிந்துவிட்டது. நம் மாணவர்கள் ‘ஒரு விழுக்காடு மறுசேர்க்கை ஒரு வரைபட அலகு’ என்று மனப்பாடம் செய்து மதிப்பெண் வாங்குவதைவிட, இந்தக் கழித்தல் கணக்கை ஒருமுறை தாங்களே போட்டுப் பார்க்கலாம்.

தூரம் கூடினால் கணக்கு உதைக்கிறது. வெர்மிலியனிலிருந்து 26.9 தள்ளி, அப்பக்கத்தில் இன்னொரு சிறகு மரபணு உண்டு. கூட்டினால் வெள்ளைக் கண்ணிலிருந்து அது 56.6 இருக்க வேண்டும். எண்ணியதில் வந்ததோ 45.2. இடைவெளி நீண்டால் அதற்குள் இரண்டு வெட்டுகள் விழலாம். அப்போது இரு கோடியும் மறுபடி ஒன்றாகிவிடும், எதுவுமே நடக்காததுபோல. ஸ்டர்ட்டெவன்ட் இதையும் கண்டுகொண்டார். பக்கத்துப் பக்கத்து தூரங்களை அளந்து கூட்டுவதே சரியான முறை என்றார். என் பார்வையில், வரைபடத்தைவிட இந்தத் திருத்தம்தான் அவருடைய கூர்மைக்குச் சான்று. எவ்வளவு தள்ளி இருந்தாலும் இரு மரபணுக்கள் பிரியும் அளவு 50 விழுக்காட்டைத் தாண்டாது. ஏனென்றால், அந்த நிலையில் அவை வேறு வேறு குரோமோசோமில் இருப்பதைப்போலவே நடந்துகொள்ளும்.

ஒரு விழுக்காடு பிரிவதைக் குறிக்கும் வரைபட அலகுக்குச் சென்டிமார்கன் என்று பெயர். அந்தப் பெயரைத் தந்தவர் ஜே.பி.எஸ். ஹால்டேன். பின்னாளில் இந்தியாவில் குடியேறி, 1964இல் புவனேசுவரத்தில் காலமான அதே ஹால்டேன்தான்.

துண்டுகள் உண்மையிலேயே இடம் மாறுகின்றனவா என்ற கேள்வி மட்டும் பாக்கி இருந்தது. 1931இல் ஹேரியட் கிரெய்ட்டனும் பார்பரா மக்கிளின்டாக்கும் மக்காச்சோளத்தில் அதைத் தீர்த்தார்கள். ஒரு முனையில் குமிழும் மறுமுனையில் ஒட்டுத்துண்டும் கொண்ட குரோமோசோமைத் தேர்ந்தெடுத்தார்கள். மணியின் பண்புகள் மாறிச் சேர்ந்தபோது, குமிழும் ஒட்டுத்துண்டும் பிரிந்திருந்தது நுண்ணோக்கியில் தெரிந்தது.

மனிதர்களிடம் கலப்புச் சோதனை செய்ய முடியாது. குடும்பங்களில் தானாக நடந்ததை எண்ணத்தான் முடியும். ஜூலியா பெல்லும் ஹால்டேனும் 1937இல் ரத்தம் உறையாமைக் குறையும் நிறக்குருடும் சேர்ந்தே செல்வதைக் காட்டினார்கள். பிறகு வெகுகாலம் வேகமில்லை. ஈயைப்போல மனிதனிடம் கண்ணுக்குத் தெரியும் அடையாளங்கள் போதவில்லை. மரபணு இல்லாவிட்டாலும், ஆளுக்கு ஆள் வேறுபடும் டிஎன்ஏ எழுத்துகளையே அடையாளமாக வைத்துக்கொள்ளலாம் என்று 1980இல் டேவிட் பாட்ஸ்டீனும் உடன் பணியாற்றியவர்களும் சொன்ன பிறகுதான் கதவு திறந்தது.

முதல் பெரிய பலன் ஹன்டிங்டன் நோயில் கிடைத்தது. நடுவயதில் கைகால்கள் கட்டுப்பாடின்றி ஆடத் தொடங்கி, மனமும் நினைவும் குலைந்துபோகும் பரம்பரை நோய் அது. வெனிசுவேலாவின் மரக்கைபோ ஏரிக்கரையில் இந்த நோயுள்ள மிகப் பெரிய உறவுக்கூட்டம் வாழ்கிறது. நான்சி வெக்ஸ்லர் குழு அங்கே வம்சாவளி எழுதி, ரத்தம் சேகரித்தது. ஒரு டிஎன்ஏ அடையாளம் நோயோடு விடாமல் ஒட்டிச் செல்வதை ஜேம்ஸ் குசெல்லா 1983இல் கண்டார். மரபணு இருப்பது நான்காம் குரோமோசோமில் என்று தெரிந்தது. ஆனால் இந்த முறை தெருவைத்தான் காட்டும், வீட்டை அல்ல. ஒரு சென்டிமார்கன் என்பது மனிதனிடம் சராசரியாகப் பத்து லட்சம் டிஎன்ஏ எழுத்துகள். மரபணுவையே கையில் பிடிக்க மேலும் பத்தாண்டுகள் ஆயின, 1993இல் அகப்பட்டது. இன்று ஒரு ரத்தப் பரிசோதனையில் அந்த நோய் வருமா என்று சொல்லிவிட முடிகிறது. குணப்படுத்தும் மருந்து இன்னும் இல்லை.