படலையும் பிணைச்சலும்

2010ஆம் ஆண்டில் மன்னார்ப் பெருநிலப்பரப்பிலே மீள்குடியேறிய கிராமம் ஒன்றில், வீட்டுத்தோட்டங்களுக்கென முட்கம்பியும் இரும்புக் கேற்றும் வழங்கும் வேலையில் நாமும் பங்குகொண்டோம். கேற் ஒவ்வொன்றும் பத்தடி அகலம். லாண்ட்மாஸ்ரர் உள்ளே போய்வர வசதியாயிருக்க வேண்டுமென்பது எமது எண்ணம். தூணுக்குப் பனங்குற்றி. பிணைச்சலோ, வீட்டுக் கதவுக்குப் பூட்டுகின்ற நாலங்குலப் பிணைச்சல் இரண்டு. நீலப் பெயின்ற் அடித்து வரிசையாக நின்ற கேற்றுகளைப் படம் பிடித்துக்கொண்டு மனநிறைவோடு திரும்பினோம்.

இரண்டாவது மாரி கழிந்து நாம் போனபோது அநேகமான கேற்றுகள் மூக்கை நிலத்தில் ஊன்றியபடி நின்றன. தனியே பிள்ளைகளை வளர்க்கும் தாயொருவர், "கேற் வடிவுதான் சுவாமி, ஆனால் திறக்கிறதுக்கு இரண்டு ஆள் வேணும்" என்றார். இழுத்து மூடமுடியாமல் இரவிலும் திறந்தே விட்டிருக்கிறார். கட்டாக்காலி மாடுகள் புகுந்து, காய்க்கத் தொடங்கியிருந்த கத்தரியையும் மரவள்ளியையும் ஒரே இரவில் முடித்துவிட்டன. இன்னொரு வீட்டில் மேற்பிணைச்சல் கழன்று கேற் சரிந்து ஒரு சிறுவனின் காலில் விழுந்தது. எலும்பு முறிந்து ஆறு கிழமை அவன் பள்ளிக்கூடம் போகவில்லை. பாவித்தவர்களில் குற்றமில்லை. பிணைச்சலைப் பற்றி ஒரு நாளாவது யோசியாத எம்மில்தான் குற்றம்.

அதன் பின்னரே கணக்குப் பார்த்தோம். கணக்கு மிக எளிது. கேற்றின் பாரத்தை அதன் அகலத்தின் பாதியால் பெருக்கி, மேற்பிணைச்சலுக்கும் கீழ்ப்பிணைச்சலுக்கும் இடையேயுள்ள உயரத்தால் பிரித்தால், மேற்பிணைச்சல் தூணிலிருந்து எவ்வளவு விசையோடு பிடுங்கப்படுகிறது என்பது தெரியும். எமது கேற் 90 கிலோ. அகலம் 10 அடி. பிணைச்சல்களின் இடைவெளி 3 அடி. ஆகவே 150 கிலோ! கீழ்ப்பிணைச்சலோ அதே விசையோடு தூணுக்குள் அழுத்தப்படுகிறது. அது கழன்று வருவது அரிது. 25 கிலோப் பிள்ளை ஒன்று கேற்றின் நுனியில் ஏறித் தொங்கி ஆடினால் இன்னும் 83 கிலோ கூடும். எந்தப் பிள்ளைதான் ஆடாது? அதே கேற்றை 5 அடி அகலத்தில் இரண்டு மடலாகச் செய்திருந்தால் ஒவ்வொரு மேற்பிணைச்சலுக்கும் 37½ கிலோதான் வந்திருக்கும். இடைவெளியை 4 அடியாக்கினால் 28 கிலோ. நடுவில் மூன்றாவது பிணைச்சல் பூட்டுவோர் பலர். அதனால் தொய்வு பெரிதாகக் குறையாது. பூட்டுவதானால் மேற்பிணைச்சலுக்கு அண்மையிற் பூட்டுங்கள்.

வீட்டுக் கதவுப் பிணைச்சல் வெளிக் கேற்றுக்கு ஆகாது. சிறிய மரப்படலைக்கு, குறுக்குச் சட்டத்தின்மேல் நீண்டு படியும் பட்டிப் பிணைச்சல் போதும்; பட்டி படலை அகலத்தின் மூன்றிலொரு பங்காவது நீளவேண்டும். பாரமான கேற்றுக்குக் கொக்கியும் வளையமுமான பிணைச்சலே உகந்தது. தூணிலே முளைக்கம்பி, கேற்றிலே அதில் மாட்டும் வளையம். நல்ல கொல்லர் எவரும் செய்து தருவார். ஆனால் இரண்டு முளைகளும் மேல்நோக்கி நின்றால் கேற்றை அப்படியே தூக்கிக் கழற்றிவிடலாம். கள்ளன் மட்டுமல்ல, கொம்பைக் கொடுத்து நிமிர்த்தும் நாம்பனும் அதைச் செய்யும். மேல்முளையைத் தலைகீழாக வைத்தால் அந்தப் பயமில்லை.

தூணைப் பற்றியும் சொல்லவேண்டும். பனையின் வைரம் வெளிப்புறத்தில்தான் உண்டு, உள்ளே சோற்றி. புரியாணி வைரத்தைத் தாண்டிச் சோற்றிக்குள் போனால் பிடிப்பில்லை. தூணை முற்றாகத் துளைத்து, மறுபுறத்தில் அகன்ற தட்டு வைத்து போல்ற் பூட்டவேண்டும். பூவரசங் கதியாலைத் தூணாக்கிப் படலை கொளுவுவதும் எம்மவர் வழக்கம். செலவில்லை, உளுக்காது, ஆனால் மரம் பருத்துப் பிணைச்சலை விழுங்கிவிடும். கொங்கிறீற் தூணென்றால் வார்க்கும்போதே முளையைப் பதித்துவிடுங்கள். பிறகு துளைக்கப்போய்த் தூணை வெடிக்க வைக்கவேண்டாம்.

மரப்படலை சரியாதிருக்க மூலைவிட்டச் சட்டம் வேண்டும். இதிலே தச்சரும் தவறுவதுண்டு. சட்டம் பிணைச்சற் பக்கத்தின் அடியிலிருந்து கொண்டிப் பக்கத்தின் உச்சிக்கு ஏறவேண்டும். அப்போதுதான் அது பாரத்தைத் தாங்கும். கம்பியை முறுக்கி இழுப்பதாயின் இதற்கு எதிர்மாறு: பிணைச்சற் பக்கத்தின் உச்சியிலிருந்து கொண்டிப் பக்கத்தின் அடிக்கு.

இரும்பே இல்லாமலும் படலை சுழலும். எமது பழைய வீடுகளின் கதவுகள் குடுமியில் நின்றவைதாமே. படலையின் பக்கமரத்தை அடியிலே குடுமியாகச் செதுக்கி, குழி கொத்திய கருங்கல்லில் நிறுத்தி, மேலே ஒரு வளையத்தால் தூணோடு பிடித்துவிட்டால் பாரம் முழுவதையும் கல் சுமக்கும். தூணைப் பிடுங்கும் விசை குறையாது. ஆனால் கேற்றின் நிறையால் எதுவும் கீழே இறங்காது. கல்லை நிலமட்டத்துக்கு மேலே சற்று உயர்த்தி, குழியின் ஓரத்தில் நீர் வடிய ஒரு வாய்க்கால் வெட்டிவிடவேண்டும். இல்லையேல் குடுமி உக்கிவிடும். யாழ்ப்பாணத்துச் சங்கடப்படலையின் கூரை வழிப்போக்கர் ஒதுங்குவதற்கென்று சொல்வார்கள். படலையும் அதன் பிணைச்சலும் மழையில் நனையாமல் நெடுங்காலம் நின்றதற்கும் அந்தக் கூரையே காரணம் என எமக்குத் தோன்றுகிறது.

கடற்கரைக் கிராமங்களிலே கறள்தான் எதிரி. நாகம் பூசியது என்று கடையில் விற்பவை எல்லாம் ஒன்றல்ல. உருகிய நாகத்தில் தோய்த்தெடுத்தது மங்கலான சாம்பல் நிறம், பூச்சு தடிப்பு. மின்முலாம் பூசியது பளபளக்கும். அதன் பூச்சு மிக மெல்லியது, உப்புக் காற்றுக்கு நெடுநாள் நில்லாது. பளபளப்பைக் கண்டு ஏமாறவேண்டாம். இரும்புப் பிணைச்சலுக்குப் பித்தளைப் புரியாணி பூட்டினால் ஈர உப்பிலே இரும்பு இன்னும் வேகமாக அரிக்கப்படும். நாகம் பூசியதை வெல்டிங் செய்தால் அந்த இடத்துப் பூச்சு எரிந்துபோகும். எழும் வெண்புகையைச் சுவாசித்தவருக்குக் காய்ச்சலும் வரும். வெளியிலே, காற்றுக்கு எதிர்த்திசையில் முகம் வைக்காமல் செய்து, பூச்சுப் போன இடத்தைச் சுரண்டி உடனே நாகப் பெயின்ற் பூசுங்கள்.

பராமரிப்பு அரைமணித்தியால வேலை. ஐப்பசி மழைக்கு முன் ஒரு தரம், மாரி முடிந்ததும் ஒரு தரம். கேற்றைக் கல் வைத்து முண்டு கொடுத்து, முளையைத் துடைத்து, பழைய அழுக்கை மண்ணெண்ணெயால் கழுவி, கிறீஸ் மெல்லியதாகப் பூசினால் போதும். தேங்காயெண்ணெய் விட்டால் சில நாள் சத்தம் நிற்கும். பின்னர் தூசியோடு பிசினாகும். மணற்காற்று வீசும் இடங்களில் கிறீஸ் வழிய வழியப் பூசினால் மணல் ஒட்டி முளையை அராவிவிடும். எஞ்சின் கழிவெண்ணெய் கைக்கும் கிணற்றடிக்கும் ஆகாது. போல்ற்றுகளையும் அன்றே இறுக்கிவிடுங்கள். மரம் கோடையில் சுருங்குவதால் அவை தளரும்.

அந்தக் கிராமத்துக் கேற்றுகளை நடுவே வெட்டி இரண்டு மடலாக்கினோம். கொண்டிப் பக்கத் தூண்கள் மெலிந்தவை. அவையும் இப்போது பாரம் சுமக்கவேண்டியிருந்ததால் மாற்றவேண்டி வந்தது. முதலிலேயே செய்திருந்தால் இந்தச் செலவில்லை. முன்பு எம்மிடம் குறை சொன்ன தாய் மட்டும் உடன்படவில்லை. இரும்புக் கேற்றை அப்படியே கம்பியால் கட்டி வேலியாக்கிவிட்டு, பக்கத்தில் மூன்றடி அகலத்தில் குடுமி வைத்த தடிப்படலை ஒன்றைத் தாமே போட்டுக்கொண்டார். ஏனென்று கேட்டோம். "லாண்ட்மாஸ்ரர் வருசத்துக்கு இரண்டு தரம்தான் வரும் சுவாமி. அப்ப கட்டை அவிழ்த்துவிடலாம். நான் ஒரு நாளைக்கு இருபது தரம் தண்ணிக் குடத்தோடை போய்வாறனான்" என்றார்.