சரியாக அடுக்கிய வாக்கியத்தையும் கணினி ஏன் ‘தவறு’ என்கிறது?

‘நேற்று, அம்மா, மீன், வாங்கினாள்’ – கலைத்துப் போட்ட சொற்களை ஒரு மாணவி ‘அம்மா நேற்று மீன் வாங்கினாள்’ என்று அடுக்குகிறாள். சரிதானே? திரையோ தவறு என்கிறது!

மென்பொருளுக்கு இலக்கணம் தெரியாது. அது ரேஷன் கடைக்காரர் மாதிரி: அட்டையில் பெயர் இருந்தால்தான் அரிசி.

கனடாவின் விக்டோரியா பல்கலைக்கழகத்தில் உருவான ‘ஹாட் பொட்டேட்டோஸ்’ தொகுப்பில் ‘ஜேமிக்ஸ்’ என்றொரு கருவி உண்டு. ஆசிரியர் வாக்கியத்தை வரிக்கு ஒரு துண்டாகத் தருவார். கருவி அதைக் கலைத்துக் காட்டும். மாணவியின் வரிசையை ஆசிரியர் தந்த விடைகளோடு ஒப்பிடும். அவ்வளவுதான்.

ஆங்கிலத்துக்கு ஓரிரு விடை போதும். தமிழ் அப்படி அடங்காது. வினைமுற்றைக் கடைசியில் நிறுத்தினாலும் மற்ற மூன்று சொற்களுக்கு 6 வரிசை. ஆறையும் விடையாகச் சேர்க்க வேண்டும்.

சலிப்பா? ‘மீன் வாங்கினாள்’ என்பதை ஒரே துண்டாக்கிவிடுங்கள். மிஞ்சுவது 2 வரிசைதான்.