பொன்னிற் பதித்த மணி

திருகோணமலைத் துறைமுகத்துக்கு வடக்கே, சாம்பல்தீவைச் சார்ந்த கடற்கரையில், முத்துமாரியம்மன் கோயிலாற் சிறப்புற்று விளங்கும் சிற்றூர் சல்லி. சல்லி என்னும் சொல் தமிழில் உடைகல்லின் சிறு துண்டுகளைக் குறிக்கும்; ஈழத்துப் பேச்சு வழக்கிற் காசையும் குறிக்கும். மணி பதித்த பொன்மோதிரம் ஒன்றின் வரலாற்றை இவ்விரு பொருளும் ஒருங்கே உணர்த்துகின்றன. ஆற்றுச் சரளையிற் கிடந்த சிறுகல்லே, பட்டை தீட்டப்பெற்றுப் பொன்னில் ஏறியபின், ஒரு குடும்பத்தின் கைப்பொருளாகி விடுகின்றது.

கடற்றொழிலை நம்பி வாழும் கரையோர ஊர்களில் மோதிரம் அணிகலன் மட்டுமன்று. மணவினையில் மகிழ்ச்சியோடு இடப்படும் அதுவே, வாடைக்காற்று வீசி வள்ளங்கள் கரையேறிக் கிடக்கும் மாதங்களில் அடகுக்குச் செல்லும். மீன்பாடு வாய்த்த காலத்தில் மீண்டு வரும். 2004ஆம் ஆண்டு மார்கழி மாதம் 26ஆம் நாள் ஆழிப்பேரலை கீழைக்கரையைத் தாக்கியது. வீடும் வள்ளமும் வலையும் இழந்த குடும்பங்களுக்கு, மெய்யில் அணிந்திருந்த பொன் எத்துணைப் பெறுமதி உடையதாயிருந்திருக்கும் என்பது சொல்லாமலே விளங்கும். ஆதலின், மோதிரத்திலுள்ள கல் யாது என்னும் வினா ஆராய்ச்சியாளருக்கு மட்டும் உரியதன்று.

பொன்னின் அளவும் மணியின் அளவும்

பொன்னின் தரத்தை அறிதல் எளிது. தட்டார் உரைகல்லில் உரைத்து மாற்றுக் காண்பர். தூய பொன் 24 கரட்டு எனப்படும். 22 கரட்டுப் பொன்னில் ஆயிரம் பங்குக்கு ஏறத்தாழ 916 பங்கும், 18 கரட்டில் 750 பங்கும் தூய பொன் உண்டு. எஞ்சியவை செம்பு, வெள்ளி முதலியன. மணிக்கும் கரட்டு என்னும் சொல்லே வழங்குகின்றதாயினும் பொருள் வேறு. பொன்னுக்கு அது தூய்மையின் அளவு. மணிக்கு நிறையின் அளவு. 1907ஆம் ஆண்டில் வகுக்கப்பெற்ற மெற்றிக் கரட்டு ஒன்று 200 மில்லிகிராம் ஆகும்.

அடகு வைக்கும்போது பொதுவாகப் பொன்னுக்கே மதிப்புத் தரப்படும். கல்லின் நிறை கழிக்கப்படும். கல் மெய்யான நீலமாயினும் வெறுங் கண்ணாடியாயினும் ஆண்டுக் கணக்கு ஒன்றே. ஆனால் மோதிரத்தை வாங்கும்போது கல்லுக்கும் விலை கொடுத்தாக வேண்டும். வாங்குவோர் ஏமாற இடமிருப்பது இங்கேயாகும்.

நிறம் காட்டும் மயக்கம்

பெரும்பாலோர் கல்லை நிறத்தால் அறிய முயல்வர். சிவந்தது மாணிக்கம், நீலநிறத்தது நீலம், மஞ்சள்நிறத்தது புட்பராகம் என்பது வழக்கு. கனிப்பொருளியலோ வேறு கூறுகின்றது. மாணிக்கமும் நீலமும் குருந்தம் என்னும் ஒரே பொருளின் வகைகள். அலுமினியமும் ஒட்சிசனும் சேர்ந்தமைந்த குருந்தம் தூயதாயின் நிறமற்றது. குரோமியம் சிறிதளவு கலப்பின் அது செந்நிறம் பெற்று மாணிக்கமாகின்றது. இரும்பும் தைத்தேனியமும் சிறிதளவு கலப்பின் நீலமாகின்றது. இலங்கையில் மஞ்சட்குருந்தம் புட்பராகம் என்னும் பெயரால் விற்கப்படுகின்றது. செம்மையும் மஞ்சளும் மயங்கித் தாமரைநிறம் பெற்றது பத்மராகம். மேனாட்டார் வழங்கும் கொரண்டம் என்னும் பெயர் தமிழ்க் குருந்தத்தினின்றும் சென்றதேயாம்.

இவ்வுண்மையை ஒத்த கருத்தொன்று சிலப்பதிகாரத்தில் உளதாதல் அறிந்து மகிழத்தக்கது. மதுரைக் காண்டத்து ஊர்காண் காதையில் இளங்கோவடிகள் மணிக்கடை வீதியை வருணிக்குமிடத்து, வைரத்தின் குற்றங்களை வகுத்துக் கூறியபின், பிறப்பால் ஒன்றாயினும் தோற்றப் பொலிவால் வேறுபட்ட மணிகளையும் குறிப்பிடுகின்றார். நிறவேற்றுமைக்குள் ஒருமை காணும் நோக்கு அந்நாளிலேயே தமிழ் வணிகரிடத்து இருந்தது என்பதற்கு இது சான்றாகும்.

இனி, இதன் மறுதலையும் உண்டு. நிறத்தால் ஒத்தவை பொருளால் வேறாகலாம். பிரித்தானிய முடியின் முன்புறத்தில் விளங்கும் ‘கறுப்பு இளவரசனின் மாணிக்கம்’ உண்மையில் மாணிக்கமன்று. ஸ்பினல் என்னும் வேறோர் மணி. ரோமே தெ லில் என்னும் பிரெஞ்சு அறிஞர் 1783ஆம் ஆண்டளவில் இவ்விரண்டையும் பிரித்துணர்த்தும் வரை, அரசர் பண்டாரங்களிலும் இவை ஒன்றாகவே எண்ணப்பட்டன. இலங்கையிற் கிடைத்த பழுப்புநிறக் கல்லொன்று நெடுங்காலம் ஒலிவின் வகையாகக் கருதப்பட்டது. 1952ஆம் ஆண்டில் அது புதிய கனிப்பொருள் எனத் துணியப்பெற்றுச் சிங்களைட்டு எனப் பெயர் பெற்றது.

நீர் கற்பிக்கும் பாடம்

நிறம் துணையாகாதெனின் எது துணையாகும்? இதற்கு விடையை இத்தீவின் ஆறுகளும் கடலுமே காட்டுகின்றன. மலைப்பாறைகள் சிதையும்போது அவற்றிலுள்ள மணிகள் நீரால் அடித்துச் செல்லப்படும். இலேசான மண்ணும் மணலும் நெடுந்தூரம் செல்ல, கனத்த மணிகள் ஆற்றுப்படுகையிற் சரளையோடு தங்கிவிடும். அச்சரளைப் படையை ‘இல்லம்’ என்பர். இரத்தினபுரிப் பகுதியில் குழி தோண்டி இல்லத்தை எடுத்து, மூங்கிற்கூடையிலிட்டு நீரிற் சுழற்றிக் கழுவி, அடியில் தங்கும் கனத்த கற்களைத் தெரிந்தெடுப்பர். அம்பன் கங்கைப் பக்கத்து எலகெரவிலும் மணிக்குழிகள் உள. அவ்வாறு மகாவலியோடு கலந்து, திருகோணமலைக்குத் தெற்கேயுள்ள கொட்டியாரக் குடாவிற் கடலை அடைகின்றது.

சல்லிக்கு வடக்கே, நிலாவெளி, குச்சவெளி, திரியாய் ஆகிய ஊர்களைக் கடந்தால் வருவது புல்மோட்டை. அங்குள்ள கரிய மணலில் இல்மனைட்டு, உரூற்றைல், சிர்கோன் என்பன மிகுந்துள்ளன. அலையானது இலேசான வெண்மணலை அரித்தகற்றிக் கனத்தவற்றைக் கரையில் விடுவதே அதன் காரணம். ஆற்றிலும் கடலிலும் நீர் செய்யும் இச்செயலையே ஆய்வுகூடத்தில் அறிஞர் அளவோடு செய்கின்றனர். ஒரு பொருள் தன் பருமனளவு நீரிலும் எத்தனை மடங்கு கனத்தது என்பதே தன்னீர்ப்பு. குருந்தத்தின் தன்னீர்ப்பு ஏறத்தாழ 4. ஆதலின் காற்றில் 4 கரட்டு நிற்கும் நீலக்கல் நீரினுள் 3 கரட்டே நிற்கும். ஸ்பினலின் தன்னீர்ப்பு 3.6; படிகத்தின் தன்னீர்ப்பு 2.65, சிர்கோனின் தன்னீர்ப்பு 4.7 வரை செல்லும்.

ஒளியும் ஒரு சான்றே. குருந்தத்துட் புகும் ஒளிக்கதிர் இரண்டாகப் பிரியும். ஸ்பினலிலும் கண்ணாடியிலும் பிரியாது. சிர்கோனில் இப்பிரிவு மிகுதியாதலின், உருப்பெருக்கியால் நோக்கின் பின்புறத்துப் பட்டைகளின் விளிம்புகள் இரட்டித்துத் தோன்றும். வன்மையும் மணியின் இயல்பே. மோசு என்பார் வகுத்த வரிசையில் வைரம் 10, குருந்தம் 9, ஸ்பினல் 8. எனினும் பட்டை தீட்டிய கல்லைக் கீறிச் சோதித்தல் அதனைக் கெடுப்பதாகும்.

செயற்கையும் சூடேற்றலும்

வேர்னேய் என்னும் பிரெஞ்சு அறிஞர் 1902ஆம் ஆண்டில், அலுமினா துகளைச் சுடரில் உருக்கி மாணிக்கம் ஆக்கும் முறையை வெளிப்படுத்தினார். இதன் சேர்க்கையும் தன்னீர்ப்பும் வன்மையும் இயற்கை மாணிக்கத்தோடு ஒத்தன. ஆதலின் நிறையும் ஈண்டுத் தனித்துத் துணை செய்யாது. உருப்பெருக்கியிற் காணப்படும் வளைந்த வளர்ச்சிக் கோடுகளே இதனைக் காட்டிக்கொடுக்கும். இயற்கைக் கல்லிலோ அக்கோடுகள் நேராகவும் கோணமாகவும் அமையும். பழுதற்ற கல்லே ஐயத்துக்குரியது. சிறு பழுதே பிறப்புக்குச் சான்று என்னும் நிலை இதனால் ஏற்பட்டது.

சூடேற்றல் பிறிதொன்று. பால்போன்ற மங்கலுடைய ‘கெவுடா’க் கற்கள் முன்னர் அற்பமாக எண்ணப்பட்டன. 1970களில் தாய்லாந்து வணிகர் அவற்றை வாங்கிச் சென்று, 1500 பாகைக்கு மேற்பட்ட வெப்பத்திற் காய்ச்சி, நல்ல நீலமாக்கினர். இவை இயற்கைக் கற்களே. எனினும் சூடேற்றிய செய்தியை மறைத்து விற்றல் நேர்மையன்று.

மோதிரத்தில் மறைவன

கல்லைப் பொன்னிற் பதித்தபின் அதனைத் தனியே நிறுத்தல் இயலாது. அடிப்புறம் மூடி, உள்ளே மினுங்குதகடு வைத்துப் பதித்தால், வெளிறிய கல்லும் ஆழ்ந்த நிறங் காட்டும். அடிப்புறம் திறந்து பதித்த கல்லிலோ ஒளி ஊடுருவுதலின் கீற்றும் களங்கமும் புலப்படும். ஆகவே மணியைப் பதிக்குமுன் ஆராய்தலே அறிவுடைமை. 1993ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அமைந்த தேசிய இரத்தினக்கல் ஆபரண அதிகாரசபை கொழும்பில் மணிகளைச் சோதித்துச் சான்று வழங்குகின்றது. பற்றுச்சீட்டிற் பொன்னின் நிறையும் மாற்றும், கல்லின் பெயரும் நிறையும், அது இயற்கையா செயற்கையா, சூடேற்றியதா என்பனவும் தனித்தனியே எழுதப்பெறல் வேண்டும்.

கோளுக்கேற்ற கல்லென அணிவோர்க்கும், அழகுக்காக அணிவோர்க்கும், வறுமைக்காலத்துத் துணையென வைத்திருப்போர்க்கும் இது பொது. ஈழத்துத் தமிழ்மரபில் தோன்றிய ஆனந்த குமாரசுவாமி, இலங்கைக் கனிப்பொருள் ஆய்வுத் துறையின் தலைவராய் மணிச்சரளைகளை ஆராய்ந்தவர். பின்னர் 1908இல் இத்தீவின் கைவினைகளைப் பற்றிப் பெருநூல் இயற்றியவர். கல்லின் இயல்பறிவும் கைவினையின் மதிப்பும் ஒருவரிடத்தே கூடியிருத்தல் இயலும் என்பதற்கு அவர் வாழ்வு எடுத்துக்காட்டு. அவ்விரண்டும் ஓரளவேனும் வாங்குவோரிடத்து அமையுமாயின், சல்லிக் காசாய்ச் சேர்த்த செல்வம் வெறுங் கண்ணாடிக்கு விலையாகாது.