கார் நடுங்கினால் எஞ்சினை இறக்க அவசரப்பட வேண்டாம்

லயத்துப் பக்கம் தார்ப்பாய் போர்த்தி நிற்கிற பழைய மொரிஸ் மைனர் கார் நம்ம தோட்டங்களில் இன்னும் சிலது இருக்கு. யாராவது தன் சேமலாபப் பணத்தைப் போட்டு வாங்கினதாக இருக்கும். நடு ராத்திரியில் ஒரு பிள்ளைத்தாச்சிக்கு வலி கண்டால், டிக்கோயா ஆஸ்பத்திரிக்குப் போக அந்தக் காரைத்தான் தட்டி எழுப்புவார்கள். அப்படிப்பட்ட கார் நடுங்க ஆரம்பித்தால் சொந்தக்காரருக்கு வயிற்றில் புளி கரைக்கும்தானே.

என் மாமாவின் காருக்கு இப்படித்தான் ஆச்சு. டவுனில் ஒரு கராஜில் காட்டினார். எஞ்சினை இறக்கணும், ரிங் மாற்றணும் என்று சொல்லிட்டாங்க. மாமியின் தோடு அடகுக்குப் போனது. மூன்று கிழமை கழித்து கார் வந்தது, நடுக்கமும் கூடவே வந்தது! கடைசியில் ஒரு வயசான பாஸ் பொனட்டைத் திறந்து கையை விட்டுப் பார்த்தார். எஞ்சின் உட்காருகிற முன்பக்க ரப்பர் மவுண்ட் ஒயில் ஊறி இரண்டாகப் பிளந்து கிடந்தது. அவ்வளவுதான் விஷயம்.

ஆகவே கராஜுக்குப் போகுமுன் நீங்களே சிலதைப் பார்த்துக்கொள்ளுங்கள். முதல் கேள்வி, நடுக்கம் எப்போ வருது? சமதரையில் காரை நிறுத்தி, கியரை நியூட்ரலில் போட்டு, எக்சிலேட்டரை மெதுவாக மிதியுங்கள். நின்ற இடத்திலேயே நடுங்கினால் கோளாறு எஞ்சின் பக்கம். ஓடும்போது மட்டும், அதுவும் ஒரு குறிப்பிட்ட வேகத்தில் மட்டும் வந்தால் சில்லையும் புரொப்பெல்லர் ஷாஃப்டையும் பாருங்கள். தோட்டத்து ரோட்டுச் சேறு சில்லின் உள்பக்கம் அப்பிக் காய்ந்தாலே கார் உதறும். அதைச் சுரண்டிப்போட காசு வேண்டாம். காரை எடுக்கும்போது மட்டும் உதறினால் கிளச்சில் ஒயில் பட்டிருக்கலாம், மவுண்டும் தளர்ந்திருக்கலாம். சோதிக்கிறேன் என்று பள்ளத்தில் நியூட்ரலில் மட்டும் விடாதீங்க. பழைய பிரேக்கை நம்பிச் செய்கிற வேலை அல்ல அது.

எஞ்சின் பக்கம் என்றால், அநேகமாக நாலு சிலிண்டரில் ஒன்று வேலை செய்யாமல் இருக்கும். கண்டுபிடிக்கிறது சுலபம். எஞ்சின் மெதுவாக ஓடட்டும். பெட்ரோல் ஒழுக்கு இல்லை என்று பார்த்துக்கொண்டு, பிடியில் ரப்பர் போட்ட குறடால் பிளக் வயரை ஒவ்வொன்றாகக் கழற்றி மாட்டுங்கள். கழற்றியதும் சத்தம் தளர்ந்தால் அந்தச் சிலிண்டர் நல்லது. கழற்றியும் ஒரு மாற்றமும் இல்லையா, அதுதான் தூங்குகிற சிலிண்டர். (இது பொயின்ட் வைத்த பழைய காருக்கு மட்டும். இப்போதைய கார்களில் செய்தால் ஷொக் பலமாக அடிக்கும், கொயிலும் கெடும்.)

எஞ்சினை நிறுத்தி, தூங்குகிற சிலிண்டரின் பிளக்கைப் பக்கத்துச் சிலிண்டருக்கு மாற்றுங்கள். கோளாறும் கூடவே மாறினால் பிளக்தான் போயிருக்கு. மாறாவிட்டால் வயரையும் டிஸ்ட்ரிபியூட்டர் மூடியையும் பாருங்கள். நம்ம மலைப்பக்கத்து மூடுபனியில் மூடிக்குள்ளே ஈரம் கோத்துக்கொள்ளும். காலையில் நடுங்கி, வெயில் ஏறினதும் சரியாகிற காருக்கு அநேகமாக இதுதான் வியாதி. உலர்ந்த துணியால் துடைத்து, முடிபோல வெடிப்பு இருக்குதா என்று பாருங்கள். வயர் போகும் வரிசை 1, 3, 4, 2. சர்விஸ் முடிந்த கையோடு நடுக்கம் தொடங்கினால் வயர் மாறிப்போச்சோ என்றுதான் முதலில் நினைக்கணும். அளவுகள்: பொயின்ட் இடைவெளி 0.015 அங்குலம், பிளக் 0.025 அங்குலம், எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது டெப்பட் 0.012 அங்குலம்.

பக்கத்துப் பக்கத்துச் சிலிண்டர் இரண்டு சேர்ந்து தூங்கினால், வயரும் சரியாக இருந்தால், ஹெட் கேஸ்கட் நடுவில் எரிந்திருக்கலாம். அது பாஸின் வேலை. ஆனாலும் ஹெட்டை மட்டும் கழற்றினால் போதும், எஞ்சினை இறக்கத் தேவையில்லை என்பதை ஞாபகத்தில் வையுங்கள்.

நாலும் நன்றாக அடித்தும் நடுங்குதா? அப்போ மவுண்ட். ஹேண்ட் பிரேக்கை இழுத்து, சில்லுக்குக் கல் வைத்து, ஒருவர் கிளச்சை இலேசாக விடட்டும். நீங்கள் காருக்கு முன்னால் நிற்காமல் பக்கவாட்டில் நின்று பாருங்கள். எஞ்சின் ஒரு பக்கம் எம்பினால் ரப்பர் போயிற்று. புதுசு போடுமுன் ஒயில் எங்கிருந்து ஒழுகுது என்று பார்த்து அடைக்காவிட்டால் அதுவும் ஊறிப்போகும்.

எஞ்சின் வேகம் கூடக் கூட நடுக்கமும் கூடினால் விசிறி இலை வளைந்தோ வெடித்தோ இருக்கலாம். எஞ்சினை நிறுத்தி பெல்ட்டைக் கழற்றி, ஒரு நிமிஷத்துக்கு மேல் போகாமல் ஓட்டிப் பாருங்கள். தண்ணீர் பம்பும் அந்த பெல்ட்டில்தான் சுற்றுகிறது, அதனால் கூட நேரம் ஓட்டக்கூடாது. நடுக்கம் நின்றால் விசிறி, பம்ப், டைனமோ மூன்றில் ஒன்றுதான் குற்றவாளி.

உற்பத்தி நின்று ஐம்பது வருஷத்துக்கு மேலான கார் இது. 2020இல் வாகன இறக்குமதியை நிறுத்தினபோது பழைய கார்களின் விலையும் ஏறியது. அதனால் அடியிலிருந்து ‘டக் டக்’ என்று கனத்த சத்தம் கேட்டாலோ, ஓடும்போது ஒயில் லைட் எரிந்தாலோ உடனே நிறுத்திவிடுங்கள். அது பெயரிங் சத்தமாக இருக்கலாம். ஆஸ்பத்திரி ஹயர் என்றாலும் வேறு வாகனத்தைக் கூப்பிட்டு அனுப்புங்கள். அந்தக் காருக்கு மட்டும்தான் எஞ்சினை இறக்கிப் பார்க்கிற பேச்சு.