கரண்ட் போவதற்கு முன் கம்ப்யூட்டரில் செய்ய வேண்டியவை

கடலூர் மாவட்டத்தில் யார் புதிதாக கம்ப்யூட்டர் வாங்கினாலும் நான் முதலில் கேட்கும் கேள்வி, "சி.பி.யு. பெட்டியைத் தரையில் வைத்திருக்கிறீர்களா, மேஜை மேலா?" என்பதுதான். ராம் எவ்வளவு, ஹார்ட் டிஸ்க் எவ்வளவு என்பதெல்லாம் பிறகு. நான் சிதம்பரத்தில் வசிக்கிறேன். இங்கும் கடலூரிலும் நண்பர்கள், உறவினர்கள் வீடுகளுக்குச் சென்று கம்ப்யூட்டர் இயக்கக் கற்றுத் தருவது என் வழக்கம். 2004ல் சுனாமி, 2011ல் தானே புயல், 2015ல் வெள்ளம், 2020ல் நிவர், 2024ல் பெஞ்சல் என எல்லாவற்றையும் பார்த்துவிட்ட மாவட்டம் இது.

புயல் என்றால் அரிசி, மெழுகுவர்த்தி, தீப்பெட்டி, குடிதண்ணீர் என்று வாங்கி வைக்கிறோம். அந்தப் பட்டியலில் கம்ப்யூட்டருக்கு இடம் தருவதில்லை. கரண்ட் போனால் அது வெறும் பெட்டிதானே என்று நினைக்கிறோம். அது உண்மையும் கூட. 2011 டிசம்பர் 30ம் தேதி காலை கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே தானே புயல் கரையைக் கடந்தபோது மின்கம்பங்கள் வரிசையாகச் சாய்ந்தன. பல ஊர்களில் நாள் கணக்கிலும் சில கிராமங்களில் வாரக் கணக்கிலும் மின்சாரம் இல்லை. எனவே கம்ப்யூட்டர் செய்ய வேண்டிய வேலைகள் கரண்ட் இருக்கும்போதே முடிந்திருக்க வேண்டும். அதில் உள்ள தகவல் பேப்பருக்கோ, போனுக்கோ, அடுத்த வீட்டுக்காரர் காதுக்கோ போய்ச் சேர்ந்திருக்க வேண்டும்.

இதற்கு நம் பக்கத்திலேயே நல்ல உதாரணம் இருக்கிறது. எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1998ல் புதுச்சேரி கிராமங்களில் தகவல் மையங்களைத் தொடங்கியது. வீராம்பட்டினம் மீனவர்களுக்கு அன்று தேவைப்பட்டது, நாளை கடலில் அலை எவ்வளவு உயரம் இருக்கும் என்ற தகவல். அமெரிக்கக் கடற்படையின் இணையதளத்தில் இருந்து அதனை எடுத்து, ஒலிபெருக்கியில் தமிழில் அறிவித்தார்கள். கம்ப்யூட்டரைத் தொட்டே பார்க்காத மீனவருக்கும் தகவல் கிடைத்தது. 2004 டிசம்பர் 26ம் தேதி அதே ஏற்பாடு நல்லவாடு கிராமத்தில் உயிர்களைக் காப்பாற்றியது. சிங்கப்பூரில் இருந்த அந்த ஊர்க்காரர் ஒருவர், டிவியில் செய்தி பார்த்துவிட்டு வீட்டுக்குப் போன் செய்தார். ஊர்க்காரர்கள் மூடியிருந்த தகவல் மையத்தைத் திறந்து ஒலிபெருக்கியில் அறிவிக்க, மூவாயிரத்துக்கும் அதிகமானோர் கடற்கரையை விட்டு ஓடித் தப்பினார்கள்.

அன்று சுமத்ரா அருகே நிலம் அதிர்ந்தது நம் நேரப்படி காலை 6.29க்கு. கடலூர் கடற்கரைக்கு அலை வந்தது அதற்கு இரண்டு மணி நேரத்துக்குப் பின். தகவல் உலகில் எங்கோ இருந்தது, இங்கு வந்து சேரவில்லை. இப்போது ஐதராபாத்தில் உள்ள இன்காய்ஸ் நிறுவனத்தில் 2007 முதல் சுனாமி எச்சரிக்கை மையம் இயங்குகிறது. மையத்தில் இருந்து உங்கள் தெரு வரைக்கும் உள்ள தூரத்தைக் கடப்பதுதான் நம் வேலை.

முதலில் பிரவுசரில் 'புயல்' என்ற பெயரில் ஒரு போல்டர் ஏற்படுத்துங்கள். இந்திய வானிலை ஆய்வுத் துறையின் சென்னை மண்டலப் பக்கம், இன்காய்ஸ், மத்திய நீர்வள ஆணையத்தின் வெள்ள முன்னறிவிப்புப் பக்கம் ஆகிய மூன்றையும் திறந்து, ஒவ்வொன்றிலும் கண்ட்ரோல் கீயுடன் டி அழுத்தி அந்த போல்டரில் சேமித்துக் கொள்ளுங்கள். போனில் என்றால் நீர்வள ஆணையத்தின் பிளட்வாட்ச் இந்தியா என்ற அப்ளிகேஷன் இருக்கிறது.

வானிலைப் பக்கம் மட்டும் போதாதா என்று கேட்பவர்களுக்கு பெஞ்சல் நல்ல பதில். அது 2024 நவம்பர் 30ம் தேதி இரவு புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. புயல் போய்விட்டது என்று மக்கள் நிம்மதி அடைந்த பிறகு, டிசம்பர் 2ம் தேதி திருவண்ணாமலை மாவட்டத்துச் சாத்தனூர் அணையில் இருந்து திறந்துவிடப்பட்ட தண்ணீர் தென்பெண்ணையில் பெருகி வந்து கடலூர்ப் பகுதிகளுக்குள் புகுந்தது. சிதம்பரம் பக்கம் இன்னும் விசித்திரம். 2018 ஆகஸ்டில் இங்கு பெரிய மழையே இல்லை. மேட்டூர் நிரம்பியதால் கொள்ளிடத்தில் வந்த வெள்ளம் கரையோர கிராமங்களைச் சூழ்ந்தது. வானத்தைப் பார்த்தால் போதாது, கடலூர்க்காரர் சாத்தனூரையும், கொள்ளிடக் கரையில் இருப்பவர் மேட்டூர், முக்கொம்பு, அணைக்கரை நிலவரத்தையும் பார்க்க வேண்டும். மேலே திறக்கும் தண்ணீர் இங்கு வந்து சேரும் நேரம்தான் நமக்குக் கிடைக்கும் அவகாசம்.

அடுத்து தெருப் பட்டியல். எக்ஸெல் தொகுப்பில் உங்கள் தெருவுக்கு ஒரு பட்டியல் தயார் செய்யுங்கள். வீட்டு எண், பெயர், போன், வெளியூரில் உள்ள பிள்ளைகளின் போன், எழுந்து நடக்க முடியாத பெரியவர்கள், கைக்குழந்தை, தினமும் மருந்து தேவைப்படுவோர், மாடி வீடு உள்ளவர், ஜெனரேட்டர் வைத்திருப்பவர் எனத் தனித்தனி நெட்டு வரிசைகள் போதும். அவரவரிடம் கேட்டு, அவர் சொல்லச் சம்மதிப்பதை மட்டும் எழுதுங்கள்.

இங்கே புதியவர்கள் தடுமாறும் இடம் ஒன்று உண்டு. கடலூர் எஸ்.டி.டி. எண் 04142, சிதம்பரம் 04144. இவற்றை எக்ஸெல்லில் டைப் செய்து என்டர் தட்டினால், முதலில் உள்ள பூஜ்யம் காணாமல் போய்விடும்! எக்ஸெல் அதனை எண்ணாக எடுத்துக் கொள்வதே காரணம். டைப் செய்யும் முன், போன் எண் வரும் வரிசை முழுவதையும் தேர்ந்தெடுத்து, ரைட் கிளிக் செய்து, பார்மட் செல்ஸ் சென்று டெக்ஸ்ட் என்பதனைத் தேர்ந்தெடுங்கள். டெக்ஸ்ட் ஆக மாற்றாமல் டைப் செய்த மொபைல் எண்கள், வரிசை குறுகலாக இருந்தால் கட்டம் கட்டமான குறியீடுகளாகவே பிரிண்ட் ஆகும். வரிசையின் மேல் கோட்டில் டபுள் கிளிக் செய்தால் தேவையான அகலத்துக்கு விரிந்துவிடும். பிரிண்டைக் கையில் எடுத்து ஒருமுறை வாசித்துப் பாருங்கள். பட்டியலின் தலைப்பில் 112, மாவட்டக் கட்டுப்பாட்டு அறையின் 1077, மாநிலத்தின் 1070 ஆகியவற்றைப் பெரிய எழுத்தில் போடுங்கள். இங்க் ஜெட் பிரிண்டர் மை ஈரம் பட்டால் கரையும். லேமினேட் செய்து, தெருவில் இரண்டு மூன்று வீடுகளில் கொடுத்து வைப்பது நல்லது.

இனி ஆவணங்கள். பட்டா, ரேஷன் கார்டு, ஆதார், பாஸ்புக், இன்சூரன்ஸ், பிள்ளைகளின் சான்றிதழ்கள் அனைத்தையும் ஸ்கேன் செய்து பி.டி.எப். பைல்களாக வையுங்கள். இவற்றுக்கு இரண்டு பிரதிகள் வேண்டும். ஒன்று பென் டிரைவில், ஜிப் போட்ட பிளாஸ்டிக் உறையில், அவசரத்தில் தூக்கிச் செல்லும் பையில் இருக்கட்டும். மற்றொன்று கடலோரத்தில் இல்லாத உறவினர் வீட்டில். இரண்டுக்கும் பாஸ்வேர்ட் கொடுக்க மறக்காதீர்கள். அரசின் டிஜிலாக்கரிலும் சேர்க்கலாம். ஆனால் அரசுத் துறை நேரடியாக அதில் வழங்கிய ஆவணமே அசலுக்குச் சமம். நீங்கள் ஸ்கேன் செய்து ஏற்றியது நகல்தான்.

புயல் நெருங்கும்போது, கரண்ட் விட்டு விட்டு வரத் தொடங்கினால் கம்ப்யூட்டரை முறையாக ஷட் டவுன் செய்து பிளக்கைப் பிடுங்கி விடுங்கள். பிராட்பேண்ட் வயரையும் கழற்ற வேண்டும். மின்னல் அந்த வழியாகவும் வரும். பெட்டியை பாலிதீன் சாக்கில் கட்டிப் பரண் மேல் ஏற்றுங்கள். இடி மின்னல் இல்லாத நேரத்தில் யு.பி.எஸ். கருவியை வேறு விதமாகப் பயன்படுத்தலாம். கம்ப்யூட்டருக்கு அது தருவது பத்துப் பதினைந்து நிமிடம். பிராட்பேண்ட் மோடத்தை மட்டும் அதில் இணைத்தால், பேட்டரி நன்றாக இருந்தால் இரண்டு மணி நேரத்துக்கும் மேல் தாங்கும். லேப்டாப் வைத்திருப்பவர்கள் அதனை முழுதாகச் சார்ஜ் செய்து, போனுக்குச் சார்ஜ் ஏற்ற மட்டும் ஒதுக்கி வைக்கலாம். சிக்னல் மோசமாக இருந்தால் போன் பேச முயன்று பேட்டரியைக் காலி செய்யாமல் எஸ்.எம்.எஸ். அனுப்புங்கள்.

துறைமுகங்களில் ஏற்றும் புயல் எச்சரிக்கைக் கூண்டுகளை எல்லோரும் அறிவோம். பத்தாம் எண் வரை செய்தித்தாள்களில் படித்திருப்பீர்கள். பதினொன்று என்றும் ஓர் எண் இருக்கிறது. வானிலை மையத்துடன் தகவல் தொடர்பே அறுந்துவிட்டது என்பதே அதன் பொருள்! நம் வீட்டிலும் அந்த நிலை வரும். அப்போது கைகொடுக்க பேட்டரியில் இயங்கும் ஒரு சின்ன டிரான்சிஸ்டர் ரேடியோ வைத்திருங்கள்.

வெள்ளம் வந்து கம்ப்யூட்டர் நனைந்துவிட்டால்? தென்பெண்ணைக் கரையோரம் உள்ள என் உறவினர் ஒருவர், 2024 வெள்ளம் வடிந்ததும் பெட்டியைத் துடைத்துவிட்டு, வேலை செய்கிறதா பார்ப்போம் என்று சுவிட்சைப் போட்டார். மதர்போர்டுடன் ஹார்ட் டிஸ்க்கின் சர்க்யூட்டும் எரிந்தது. மகள் கல்யாணப் போட்டோக்களை மீட்க, தகவல் மீட்பு நிறுவனம் ஒன்று கேட்ட தொகை கம்ப்யூட்டரின் விலையை விட அதிகம். நனைந்த கம்ப்யூட்டருக்குக் கரண்ட் கொடுக்கவே கூடாது. வெயிலில் காய வைப்பதும் வேண்டாம். ஹார்ட் டிஸ்க்கை மட்டும் கழற்றி, தெரிந்த டெக்னீஷியனிடம் "வெள்ளத்தில் நனைந்தது, இன்னும் ஆன் செய்யவில்லை" என்று சொல்லிக் கொடுங்கள். கடல் நீர் என்றால் தாமதிக்காதீர்கள், உப்பு வெகு சீக்கிரம் அரித்துவிடும்.

வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்கும். நான் செப்டம்பர் கடைசி ஞாயிற்றுக்கிழமையை இதற்கு ஒதுக்கிவிடுகிறேன். பென் டிரைவைத் திறந்து பைல்கள் திறக்கின்றனவா என்று பார்த்து, தெருப் பட்டியலில் மாறிய போன் எண்களைத் திருத்தி, புதிய பிரிண்ட் எடுத்துப் பழையதைக் கிழித்துப் போட அரை நாள் போதும்.