உதவி கேட்கும் முறை



ஒரு வீட்டில் தீப்பற்றினால் ஊரார் குடமெடுத்து ஓடி வருவர். அவர்களை அழைக்க வேண்டுவதில்லை. ஆனால் அவ்வீட்டுப் பிள்ளையின் கல்லீரல் மெல்ல மெல்லப் பழுதுபட்டு வருமாயின், அது தெருவுக்குத் தெரியாது. குடும்பத்தார் வாய் திறந்து கேட்டால்தான் உதவி வரும். எவ்வாறு கேட்பது? 34 ஆண்டுகள் ஆசிரியப் பணி ஆற்றிய நான் இதனை ஓய்வு பெற்ற பின்னரே கற்றுக்கொண்டேன்.

2016ஆம் ஆண்டில் என் பழைய மாணவர் ஒருவர் என் வீட்டுத் திண்ணையில் வந்து அமர்ந்தார். அவர் தச்சுத் தொழில் செய்பவர். பத்தாம் வகுப்பில் படித்துவந்த அவர் மகனுக்கு வயது 15. உணவில் கலந்துவரும் செம்பைப் பித்தநீர் வழியே வெளியேற்ற இயலாத பிறவிக் கோளாறு அவனுக்கு இருந்தது. அதனை வில்சன் நோய் என்பர். தங்கிவிட்ட செம்பு கல்லீரலைச் சிதைத்துவிட்டது. தொடக்கத்திலேயே அறிந்திருந்தால் மருந்தால் அடக்கியிருக்கலாம். இனி மாற்றுக் கல்லீரல் ஒன்றே வழி என்று மருத்துவர்கள் கூறிவிட்டனர்.

உறுப்பு மாற்றம் இன்று கனவன்று. 1954இல் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் ஜோசப் மரே என்னும் மருத்துவர், இரட்டையருள் ஒருவரின் சிறுநீரகத்தை மற்றவருக்குப் பொருத்தி வெற்றி கண்டார். 1963இல் தாமஸ் ஸ்டார்ஸல் கல்லீரல் மாற்றத்தைத் தொடங்கினார். முதல் நோயாளிகள் பிழைக்கவில்லை. 1967இல்தான் ஒரு நோயாளி ஓராண்டுக்கு மேல் வாழ்ந்தார். நம் நாட்டில் 1998இல் ஒரு குழந்தைக்குத் தந்தையின் கல்லீரலில் ஒரு பகுதி வெற்றியுடன் பொருத்தப்பட்டது. உயிருள்ளவர் ஒரு பகுதியைக் கொடுத்தாலும், எஞ்சிய பகுதி சில மாதங்களில் வளர்ந்து ஏறக்குறையப் பழைய அளவை எய்தும். இது கல்லீரலுக்கே உரிய சிறப்பு.

இத்தகைய அறுவைக்கு வேண்டுவன மூன்று: உறுப்பு, பொருள், காலம்.

முதலாவது உறுப்பு. தந்தையின் இரத்த வகை மகனுக்குப் பொருந்தவில்லை. அந்நிலையில் ஒருவன் வந்து, பணம் கொடுத்தால் உறுப்புக்கு ஆள் கொண்டுவருவதாகச் சொன்னான். "ஐயா, இருக்கும் மனையை விற்றுக் கொடுத்துவிடட்டுமா?" என்று தந்தை என்னைக் கேட்டார். 1994ஆம் ஆண்டுச் சட்டம் உறுப்பு விற்பனையைக் குற்றம் என்கிறது. சட்டம் இருக்கட்டும், விற்க வருகிறவனும் ஓர் ஏழைத் தாயின் மகனே அல்லனோ? இதைச் சொல்லும்போது என் குரல் நடுங்கியது. மறுப்பது எளிதாக இல்லை. ஒரு வாரம் கழித்துத் தாயின் சோதனை முடிவு வந்தது. அவருடைய கல்லீரல் பொருந்தியது. உறவினர் எவரும் பொருந்தாவிடில், மூளைச்சாவு அடைந்தோரின் உறுப்பை வரிசைப்படி வழங்கும் ஏற்பாடு தமிழ்நாட்டில் 2008 முதல் உண்டு.

இரண்டாவது பொருள். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் செலவில் பெரும்பகுதியை ஏற்றது. பிரதமரின் தேசிய நிவாரண நிதிக்கும் விண்ணப்பித்தோம். ஆயினும் சோதனைகள், பயணம், சென்னையில் தங்கும் செலவு ஆகியவை எஞ்சின. ஊராருக்கு ஒரு வேண்டுகோள் எழுதும் பொறுப்பை நான் ஏற்றேன். "சாகக் கிடக்கும் ஏழைச் சிறுவன்" என்று தொடங்கினேன். அதைப் படித்த சிறுவன் என்னிடம், "ஐயா, நான் கணக்கில் 92 மதிப்பெண் வாங்கியதையும் எழுதக் கூடாதா? பிழைத்து வந்தபின் இதே தெருவில்தானே நான் நடக்க வேண்டும்?" என்றான். ஆயிரக்கணக்கான கட்டுரைகளைத் திருத்திய என் கட்டுரையை அவன் திருத்தினான். நோயையும் செலவையும் மட்டும் உள்ளபடி சொல்லி மீண்டும் எழுதினேன். அவன் படத்தைச் சேர்க்கவில்லை.

வந்த பணத்தை எவர் கையிலும் விடவில்லை. தந்தை, பள்ளித் தலைமையாசிரியர், நான் என மூவர் பெயரில் வங்கிக் கணக்குத் தொடங்கினோம். சனிக்கிழமைதோறும் வரவையும் செலவையும் நூலக வாயிலில் ஒட்டினோம். மாணவர் ஒருவர் தந்த 5 ரூபாயும் அதில் இருந்தது. கணக்கைக் கண்டபின் இரண்டாம் முறை கொடுத்தோர் பலர்.

மூன்றாவது காலம். இதனைத்தான் மக்கள் மறந்துவிடுகின்றனர். உடலின் காவற்படை புதிய உறுப்பைப் பகையாகக் கருதித் தாக்கும். அதனை அடக்கும் மருந்தை வாழ்நாள் முழுதும் உண்ண வேண்டும். அம்மருந்தால் நோய்த்தொற்று எளிதில் பற்றும். எனவே அறுவை முடிந்தவுடன் கொடையும் முடிந்துவிடலாகாது. எஞ்சிய தொகையை மருந்துக்கென ஒதுக்கினோம். மாதம் ஒரு சிறு தொகை தர ஒன்பது பேர் இசைந்தனர். வகுப்புத் தோழர்கள் முறை வைத்துப் பாடக்குறிப்புகளைப் படியெடுத்துக் கொடுத்தனர். அவன் ஓராண்டு பிந்தித் தேர்வு எழுதித் தேறினான்.

இன்று அவன் ஓர் இளைஞன், பணியில் இருக்கிறான். காலையும் மாலையும் குறித்த வேளையில் மருந்து உண்ணுகிறான். தாயும் நலமாக இருக்கிறார்.

மாணவர்களே, நாளை உங்கள் வகுப்பிலும் இத்தகைய வேண்டுகோள் ஒன்று வரக்கூடும். கையில் இருப்பதைக் கொடுங்கள், கணக்கைக் கேளுங்கள், தோழனை இரக்கப் பொருளாக நோக்காது தோழனாகவே நோக்குங்கள். ஆறு மாதம் கழித்து, அனைவரும் மறந்திருக்கும் வேளையில், ஒரு முறை அவன் வீட்டுக்குச் சென்று வாருங்கள்.